டர்போவுக்கு ஒன்றரை லட்சம், டர்போவைச் சுற்றி மூன்று லட்சம்

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வரும். சூடானதும் அடங்கிவிடும். அடங்குகிறதே என்று ஆறு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் கருமத்தம்பட்டி தாண்டும்போது செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவே இல்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பி0299 என்ற பிழை எண். பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்று, கேட்ட அளவுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

வண்டி 2011 ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனி கணக்கில் 160 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். இந்த இன்ஜினோடு வரும் கே03 டர்போவுக்கு இந்த வியாதி பிரசித்தம். வேஸ்ட்கேட், அதாவது அதிகப்படிப் புகையைப் பக்கவழியில் விடுகிற கதவு, அதன் கீல் தேய்ந்து ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம்தான் சத்தம். கதவு சரியாக மூடாமல் போனால், டர்பைனைச் சுற்ற வேண்டிய எக்ஸாஸ்ட் புகை பக்கவழியில் நழுவிவிடும். அப்புறம் பூஸ்ட் எங்கிருந்து வரும்?

புது கே03 போட்டால் ஒரு லட்சத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் நான் இருப்பது கோயம்புத்தூர். செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிற ஊர். ரேஸ்காரர் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய ஊர். இங்கே லேத் வைத்திருக்கிற ஒவ்வொருவனுக்குள்ளும் ஒரு ரேஸ்காரன் உட்கார்ந்திருக்கிறான். எனக்குக் கணபதியில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி, பம்ப் பாகங்கள் வார்க்கிறோம். எப்படியும் கழற்றத்தான் போகிறோம், பெரிதாகவே போட்டுவிடலாம் என்று புத்தி போனது. வீட்டுக்காரியிடம் "ரிப்பேர்" என்று மட்டும் சொன்னேன்.

போட்டது கே04. ஆடி எஸ்3-யின் 265 பிஎஸ் மாடலிலும், ஆறாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர் காரிலும் கம்பெனியே மாட்டி அனுப்பிய டர்போ இது. இன்ஜின் புகையைச் சேர்த்துத் தரும் மேனிஃபோல்டும், டர்பைன் சக்கரத்தை மூடும் ஹவுசிங்கும் இதில் ஒரே வார்ப்பு. கே03 இருந்த இடத்தில் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் இதையே தேடிப் போவதற்கு அதுதான் காரணம். ஒரு எச்சரிக்கை: அந்த கார்களில் இருப்பது 2 லிட்டர் இன்ஜின். நம்முடையது 1.8. புகை குறைவு, அதனால் டர்போ விழித்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் நேரமாகும். இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பட்டறைக்காரர் மேசை மேல் இரண்டு கே04 வைத்தார். ஒன்று போர்க்வார்னர் ஒரிஜினல், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 1,48,000. இன்னொன்று பெயர் தெரியாத காப்பி, 52,000. "ரெண்டும் ஒண்ணுதாங்ண்ணா, பேருக்குத்தான் காசு" என்றார். வார்ப்பு விஷயத்தில் என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. காப்பியைக் கையில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் குழாய்கள் நான்கும் சேரும் இடத்தில் அச்சு இரண்டும் பொருந்தாமல் ஒரு படி நின்றது, விரல் நகத்தில் தட்டியது. உள்ளே மணல் ஒட்டிக் கருகிய சொரசொரப்பு. வேஸ்ட்கேட் துளையைச் சுற்றிச் சுவர் ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு, அதாவது உள்ளே வெற்றிடம் விட வைக்கும் மணல் அச்சு, கோர், நகர்ந்திருக்கிறது. என் ஃபவுண்டரியில் பம்ப் உடலுக்கே இப்படி வந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். பெட்ரோல் இன்ஜினில் எக்ஸாஸ்ட் சூடு 900 டிகிரியையும் தாண்டும். அந்தச் சூட்டுக்கு நிக்கல் அதிகம் சேர்த்த உலோகம் வேண்டும். சாதாரண இரும்பில் வார்த்தால், சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து, சுவர் மெலிந்த இடத்தில்தான் முதல் விரிசல் விழும். உடைந்த துண்டு போய் விழும் இடம் டர்பைன் சக்கரம். அந்தச் சக்கரமோ நிமிஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிச் சுற்றுகிறது.

ஒரிஜினலில் அந்தப் படியும் இல்லை, மணலும் இல்லை. ஷாஃப்டைப் பிடித்துக் குறுக்காக ஆட்டினால் இரண்டிலும் லேசாக ஆடியது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற பேரிங் அப்படித்தான் இருக்கும். நீளவாக்கில் இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். காப்பி "டிக்" என்றது, ஒரிஜினல் அசையவில்லை. காசை எடுத்து வைத்தேன்.

டர்போ இருப்பது இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில், கை போகாத இடுக்கில். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி, கீழ்வழியாகத்தான் எடுத்தார்கள். கழற்றி மாட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த இடம் எழுதிய கவரில் போட்டு வைத்தான். அந்தப் பையனுக்காகவே இந்தப் பட்டறைக்கு இன்னொரு முறை போகலாம்.

பெரிய இன்ஜெக்டர் போட, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி வால்வுகள். இந்த இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. பழைய இன்ஜின்களில் வால்வு மேல் பட்டுக் கழுவிக்கொண்டு போன பெட்ரோல் இதில் அந்தப் பக்கமே வருவதில்லை. எண்ணெய் ஆவி வந்து படிந்து படிந்து கரியாகிவிடுகிறது. தம்பி ஒன்றரை நாள் உட்கார்ந்து பிளாஸ்டிக் சுரண்டியும் கெமிக்கலும் வைத்து நான்கு சிலிண்டரையும் சுத்தம் செய்தான். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. 90,000 கிலோமீட்டர் தாண்டிய டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள், டர்போ மாற்றாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்துகொள்ளுங்கள். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அப்படித்தான். அந்தக் காலத்து இன்ஜின்களில் வந்த பழைய டென்ஷனர் கைவிட்டால் செயின் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும். நான் அதற்கு இரண்டு வருஷம் முன்பே புது டிசைனுக்கு மாற்றியிருந்தேன். அதைச் செய்யாமல் பவர் ஏற்றுவது, ஓட்டைக் கூரைக்கு பெயின்ட் அடிக்கிற வேலை.

இனி காசுக் கணக்கு. பெரிய டர்போ அதிகக் காற்றைத் தள்ளுகிறது. காற்றுக்கேற்ற பெட்ரோல் வேண்டும்: இன்ஜெக்டர் 32,000, ஹை பிரஷர் பம்ப் 38,000. அழுத்திய காற்று சூடாகும், அதை ஆற்ற இன்டர்கூலர், செகண்ட் ஹேண்டில் 24,000. புகை வெளியேற மூன்று இன்ச் டவுன்பைப், உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் ஹை ஃப்ளோ கேட்டலிஸ்டோடு 42,000. ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி எழுதுவது, 45,000. பிளக், கேஸ்கெட், 5டபிள்யூ-40 ஆயில், கூலன்ட் வகையில் 11,000. கூலி 35,000. கடைசியாக கிளட்ச்சும் ஃப்ளைவீலும் 68,000. கூட்டினால் டர்போவைத் தவிர 2,95,000. மொத்தம் 4,43,000. 2011 லாராவை இன்று விற்கப் போனால் இதில் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள். பில்லைப் பார்த்த வீட்டுக்காரி, "ஏனுங்க, இதுக்குப் பேருதான் ரிப்பேருங்களா?" என்று கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை.

கிளட்ச் கதை என் தப்பு. "பழைய கிளட்ச் தாங்காதுங்ண்ணா, இப்பவே மாத்திருங்க" என்று அந்தத் தம்பி சொன்னான். 68,000 மிச்சம் என்று நான் தலையாட்டவில்லை. மூன்றாம் நாள் நாலாவது கியரில் மிதித்தேன். ஆர்பிஎம் முள் 3,500லிருந்து 4,800க்குத் தாவியது, வண்டி அதே வேகத்தில் போனது, கேபினில் பிரேக் லைனிங் கருகுகிற மாதிரி வாடை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற மேற்கொண்டு 12,000. மேலே சொன்ன கணக்கில் அதைச் சேர்க்கவில்லை, எழுத வெட்கம்.

ரீமேப்பில் நடந்தது பட்டறையின் தப்பு. முதலில் ஏற்றியது வெளிநாட்டிலிருந்து வாங்கிய ரெடிமேட் ஃபைல், 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியது. நான் போடுவது 95. "நம்மூரு பெட்ரோலுக்கு செட் பண்ணிதாங்ண்ணா தந்திருக்கோம்" என்று அடித்துச் சொன்னார்கள். என் லேப்டாப்பில் விசிடிஎஸ் என்ற ஸ்கேன் சாஃப்ட்வேர் இருக்கிறது. மூன்றாவது கியரில் 2,500லிருந்து 6,000 வரை ஒரே மிதியில் போய் இன்ஜின் பதிவு, அதாவது லாக், எடுத்தேன். மூன்றாவது சிலிண்டரில் நாக் வந்து, அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து, இசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் பிளக் பொறிவிடும் டைமிங்கை ஏழு டிகிரி பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அதாவது இன்ஜின் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறது. மத்தியானம் வெயிலில், ஏசி போட்டு, நாலு பேரோடு ஏற்றத்தில் போனால் அந்தக் காப்பும் எவ்வளவு நேரம் நிற்கும்? லாகை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் பேச்சு மாறியது. பூஸ்ட்டை 1.3 பாருக்கு இறக்கி, டைமிங்கையும் தளர்த்தி, நான்கு முறை திருத்தி எழுதினார்கள். இப்போது எந்த சிலிண்டரிலும் இரண்டரை டிகிரிக்கு மேல் இழுப்பதில்லை. பெங்களூரில் சக்தியை அளக்கிற டைனோ மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது சக்கரத்தில் 238 குதிரை காட்டியது. முதல் ஃபைலில் 260 என்று விளம்பரம். அந்த 22 குதிரை எனக்கு வேண்டாம், பிஸ்டன் வேண்டும்.

ஓட்டம் எப்படி? சேலம் ரோட்டில், விஜயமங்கலம் டோலைத் தாண்டி, நாலாவது கியரில் எண்பதில் போய்க்கொண்டு முன்னால் இரண்டு லாரி இருந்தால், மிதிக்கலாம். முள் 3,000ஐத் தொடும் வரை நல்ல பிள்ளை. அதற்கு மேல் முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அமுக்குகிறார்கள். பழைய டர்போ 5,000 சுற்றுக்கு மேல் மூச்சு வாங்கும். இது 6,500 வரை விடாமல் இழுக்கிறது. அடியில் ஒரு மெல்லிய விசில். ஜன்னலை இறக்கி, டிவைடர் ஓரமாகப் போனால் அது சுவரில் பட்டுத் திரும்பி வரும். பாட்டை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு பெருந்துறை வரை போயிருக்கிறேன்.

வால்பாறை வேறு கதை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டியை நான் விரும்பியதே அந்த ரோட்டில்தான். கே03 இருந்தபோது, வளைவில் இரண்டாவது கியரில் 1,800 சுற்றில் திரும்பி, ஸ்டீயரிங் நேராகும்போதே இழுவை வந்துவிடும். தேயிலை லாரி எதிரே வந்தாலும் தயக்கம் இருக்காது. இப்போது வளைவை முடித்து மிதித்தால் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். மூன்று சொல்லும்போது மொத்தமும் ஒரேயடியாக வந்து முன்சக்கரம் கீச்சிடும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், அதற்குள் அடுத்த வளைவு வந்து பிரேக் மிதிக்க வேண்டியிருக்கும். முதல் கியருக்கு இறக்கினால் வண்டி துள்ளுகிறது. ஒன்பதாவது வளைவில், வரையாடு பார்க்க எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்தினேன். பின்னாலேயே வந்த ஒரு பழைய ஸ்விஃப்ட் டீசல்காரர் டீ குடித்துக்கொண்டே, "வண்டில ஏதும் பிரச்சினைங்களா?" என்று விசாரித்தார். நாலரை லட்சம் செலவு செய்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் ஓட்டம் பாதிக்கு மேல் ஊருக்குள்ளும் மலையிலும் என்றால் கே04 வேண்டாம். நல்ல கே03 போட்டு, ரீமேப் மட்டும் செய்து, 200 குதிரைக்குக் கொஞ்சம் மேலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிளட்ச் மட்டும் அப்போதும் கேட்கும். செலவு பாதிகூட ஆகாது, வளைவுகளில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்கும். நான் மாதம் இரண்டு முறை சேலமும் பெங்களூரும் போகிறவன், அதனால் எனக்கு இது பொருந்துகிறது. வால்பாறைக்கு இப்போது வீட்டுக்காரியின் வண்டியில் போகிறோம்.

மைலேஜ் ஊருக்குள் பதினொன்றரையிலிருந்து ஒன்பதரைக்கு இறங்கியது. ஹைவேயில் பெரிய வித்தியாசம் இல்லை.

சட்ட விஷயத்தையும் மறைக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நான் கேட்டலிஸ்டை எடுக்க விடாததால் புகைச் சோதனையில் வண்டி பாஸ் ஆகிறது, ஆனால் அதனால் மாற்றம் சட்டப்படி ஆகிவிடாது. விபத்து நடந்து, இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்து பார்த்தால் கிளெய்ம் போனாலும் போகும். இதைப் பட்டறையில் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கஸ்டமர் எழுந்து போய்விடுவார் என்ற பயம். சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வாஷர் கதை பாக்கி இருக்கிறது. டெலிவரி எடுத்து 300 கிலோமீட்டர் ஓடியிருப்பேன். ஹோப் காலேஜ் சிக்னலில் நிற்கும்போது பானெட் இடுக்கில் வெள்ளைப் புகை. பக்கத்து பைக்காரர் ஹெல்மெட்டைத் தூக்கி, "அண்ணா, வண்டி எரியுது" என்றார். எரியவில்லை. டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயின் பாஞ்சோ போல்ட்டில் கசிந்து, கொதிக்கிற ஹவுசிங் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவர் சொன்னது உண்மையாகியிருக்கும்.

வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, பட்டறைக்கு போன் செய்தேன். இருபது நிமிஷத்தில் அந்தத் தம்பியே ஸ்கூட்டரில் வந்தான். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஆறிய பிறகு போல்ட்டைக் கழற்றினோம். செம்பு வாஷரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். புது வாஷரை ஒரு முறை இறுக்கினால் அதன் முகத்தில் ஒரே ஒரு வட்டத் தழும்பு விழும். இதில் இரண்டு வட்டம், ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல், மூன்றாம் பிறை மாதிரி ஓர் ஓரத்தில் விலகி இருந்தது. பழைய டர்போவிலிருந்து கழற்றிய வாஷரையே மறுபடி மாட்டியிருக்கிறார்கள். செம்பு ஒரு முறை நசுங்கினால் இறுகிவிடும். சூடுபடுத்தி மிருதுவாக்கினால் ஒழிய இரண்டாம் முறை சீல் பிடிக்காது. நாலரை லட்ச ரூபாய் வேலையில், நாற்பது ரூபாய் வாஷர். பட்டறைக்காரர், "இதெல்லாம் சகஜங்ண்ணா" என்றார். தம்பி மட்டும் வாஷரை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றான். ஸ்டாக் இல்லை, சாயந்திரத்துக்குள் டெலிவரி கொடுக்கச் சொன்னார்கள் என்று பிறகு அவன் சொல்லித் தெரிந்தது.

இப்போது 14,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஒவ்வொரு 7,000க்கும் ஆயில் மாற்றுகிறேன். டர்போவில் சத்தம் இல்லை, கசிவு இல்லை, குளிர்ந்த இன்ஜினில் ஆணி டப்பாவும் இல்லை. டர்போவுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் வால்பாறையில் விழுந்தது. மாட்டிய கைக்கு நாலு. ரீமேப்புக்கு முதலில் ஒன்று, கடைசியில் மூன்றரை. பேச்சுக்கு ஒன்றரை.

போன வாரம் ஆயில் மாற்றப் போனபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கவரில் செம்பு வாஷர் நாலு சைஸில் எடுத்துக்கொண்டு போனேன். தம்பி கவரைப் பார்த்துச் சிரித்தான். டூல் டிராலியின் மேல் டிராயரை இழுத்துக் காட்டினான். அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி நிறைய வாஷர், எல்லாம் புதுசு, ஒவ்வோர் அறை மேலும் சைஸ் எழுதி ஒட்டியிருந்தது. "என் காசுல வாங்கினதுங்ண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஆபீஸ் ரூம் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.